தொட்டுப் பிரித்தால் யாருக்கு எவ்வளவு? மின்னூட்டப் பங்கீடும் கூலூம் விசையும்: முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்காலம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். நிலைமின்னியல் பாடம் முடிந்ததும் வருடம் தவறாமல் ஒரே கணக்கைக் கொடுப்பேன். 3 செ.மீ. ஆரமுள்ள உலோகக் கோளத்தில் +60 நானோகூலூம் மின்னூட்டம். 6 செ.மீ. ஆரமுள்ள கோளத்தில் −15 நானோகூலூம். இரண்டையும் தள்ளி வைத்து ஒரு மெல்லிய கம்பியால் இணைக்கிறோம். எதில் எவ்வளவு இருக்கும்?

விடைத்தாளைத் திருத்த உட்கார்ந்தால் வரிசையாக 22.5, 22.5, 22.5.

"ஏம்ல பாதி போட்ட?"

"மொத்தம் 45 சார். ரெண்டு கோளம். பாதி பாதிதான?"

"ரெண்டும் ஒரே சைசாவால இருக்கு?"

சத்தமே வராது.

பங்காளிகள் வயலைப் பிரிப்பது மாதிரி தலைக்கு இவ்வளவு என்று மின்னூட்டம் பிரிவதில்லை. குளத்துத் தண்ணீர் பிரிவது மாதிரி பிரியும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் பாடத்தில் பாதி முடிந்தது. மீதி பாதி வரிசை: படம் போடு, குறியோடு கூட்டு, பங்கிடு, கடைசியில்தான் விசையைக் கணக்கிடு. பிள்ளைகள் பெரும்பாலும் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள்.

முதலில் அளவுகளைக் கைக்குள் கொண்டுவாருங்கள்

1 கூலூம் என்பது கேட்கச் சின்ன எண். ஆனால் தலா 1 கூலூம் உள்ள இரண்டு பொருள்களை 1 கி.மீ. தள்ளி வைத்தால் அவற்றுக்கிடையே உள்ள விசை 9000 நியூட்டன். ஒரு சின்னக் காரின் எடை அது. அதனால்தான் நம் கணக்குகளில் நானோகூலூம் வருகிறது. 1 நானோகூலூம் என்பது 10⁻⁹ கூலூம். −20 நானோகூலூம் மின்னூட்டம் என்றால் ஏறத்தாழ 1.25 × 10¹¹ எலக்ட்ரான்கள் கூடுதலாக ஏறியிருக்கின்றன என்று அர்த்தம்.

ஒரு கோளத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிவிட முடியாது. காற்றில் மின்புலம் மீட்டருக்கு ஏறத்தாழ 30 லட்சம் வோல்ட்டைத் தொட்டால் காற்றே கடத்த ஆரம்பித்துவிடும்; மின்னூட்டம் கசிந்து போய்விடும். அந்த எல்லையை வைத்துக் கணக்கிட்டால்:

1 செ.மீ. ஆரக் கோளம்: சுமார் 33 நானோகூலூம்
3 செ.மீ.: சுமார் 300 நானோகூலூம்
10 செ.மீ.: சுமார் 3300 நானோகூலூம்

ஆரத்தின் இருமடிக்கு ஏற்ப எல்லை கூடுவதைக் கவனியுங்கள். சில கைடுகளில் 'கோலிக்குண்டு அளவுள்ள உலோகக் கோளத்தில் 10 மைக்ரோகூலூம்' என்று கணக்கு இருக்கும். விடை வரும், மதிப்பெண்ணும் வரும். ஆனால் காற்றில் அப்படியொரு கோளம் ஒரு நொடிகூட நிற்காது.

படம், குறி, கடத்தியா என்ற கேள்வி

தாளில் இரண்டு வட்டம் போட்டு உள்ளே குறியோடு மின்னூட்டத்தை எழுதுங்கள். மையத்துக்கு மையம் ஒரு கோடு இழுத்துத் தூரத்தை மீட்டரில் குறியுங்கள். விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளப்பது தவறு.

அடுத்து, பொருள் கடத்தியா என்று பாருங்கள். தொட்டால் பங்கு போவது உலோகம் போன்ற கடத்திகளில்தான். இரண்டு பலூன்களைத் தேய்த்து ஒன்றோடொன்று ஒட்டவைத்தால் மின்னூட்டம் பங்காகிவிடாது. தேய்த்த இடத்திலேயே கிடக்கும். கேள்வியில் 'பிளாஸ்டிக் கோளம்' என்று வந்தால் அது பொறி. அங்கே பங்கீட்டுக் கணக்கே கிடையாது.

விசையைக் கணக்கிடுவது

கூலூம் விதியைத் தமிழில் எழுதினால்:

விசை = 9 × 10⁹ × முதல் மின்னூட்டம் × இரண்டாம் மின்னூட்டம் ÷ தூரம்²

தெர்மாகோல் உருண்டைக்கு அலுமினியத் தாள் சுற்றிய, 1 செ.மீ. ஆரமுள்ள இரண்டு பந்துகளை எடுத்துக்கொள்வோம். 'அ' பந்தில் +20 நானோகூலூம், 'ஆ' பந்தில் −8 நானோகூலூம். மையங்களுக்கிடையே 30 செ.மீ.

பெருக்கும்போது கூட்டல், கழித்தல் குறிகளைச் சேர்க்காதீர்கள். குறி, திசையைச் சொல்வதற்கு மட்டும். இங்கே எதிரெதிர்க் குறி, ஆகவே கவர்ச்சி. அளவு:

9 × 10⁹ × 20 × 10⁻⁹ × 8 × 10⁻⁹ ÷ 0.09 = 1.6 × 10⁻⁵ நியூட்டன்

1.6 மில்லிகிராம் பொருளின் எடை இது. ஒரு அரிசி மணி சுமார் 20 மில்லிகிராம் இருக்கும் என்றால், அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. இரண்டு பந்துகளும் உணரும் விசை ஒன்றே. 'அ'வில் மின்னூட்டம் கூட, அதனால் அது கூடுதல் விசையோடு இழுக்கும் என்று எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நியூட்டனின் மூன்றாம் விதி இந்தப் பாடத்துக்கு விடுமுறை விடவில்லை.

இவ்வளவு சின்ன விசையை, இந்த விதிக்குப் பெயர் தந்த பிரெஞ்சு இயற்பியலாளர் கூலூம் 1785இல் எப்படி அளந்தார்? மெல்லிய கம்பியில் தொங்கும் முறுக்குத் தராசை வைத்து. தொட்டுக்கொண்டிருந்த இரு பந்துகளுக்கும் ஒன்றாக மின்னூட்டம் கொடுத்தார். அவை விலகி 36 பாகையில் நின்றன. மேலே இருந்த குமிழை 126 பாகை திருகினார். இடைவெளி 18 ஆனது. 567 பாகை திருகியபோது 8.5 ஆனது. கம்பியின் மொத்த முறுக்கு என்பது திருகியதும் மிஞ்சிய இடைவெளியும் சேர்ந்தது: 36, 144, 575.5. தூரம் ஏறத்தாழ பாதியாகப் பாதியாக விசை நான்கு மடங்கு, பதினாறு மடங்கு. 36ஐ 16ஆல் பெருக்கினால் 576. அவருக்குக் கிடைத்தது 575.5. இந்த மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒரு நிமிடம் நான் ஒன்றும் பேசமாட்டேன்.

ஒரு எச்சரிக்கை. இந்த விதி புள்ளி மின்னூட்டங்களுக்கானது. கடத்திக் கோளங்களைக் கிட்டே கொண்டுவந்தால் மின்னூட்டம் கோளத்தின் மேல் நகர்ந்து இடம் மாறும். ஒரே குறி என்றால் ஒன்றையொன்று தள்ளி அப்பால் ஒதுங்கும். உண்மையான விசை கணக்கைவிடக் குறையும். எதிர்க்குறி என்றால் நெருங்கி வரும், விசை கூடும். இரண்டும் ஒரே அளவுக் கோளங்கள், மின்னூட்ட அளவும் சமம் என்றால், பிழை ஏறத்தாழ 4 × (ஆரம் ÷ தூரம்)³. தூரம் ஆரத்தைப்போல் 10 மடங்கு இருந்தால் பிழை 0.4 சதவீதம், கவலை வேண்டாம். 4 மடங்கு என்றால் 6 சதவீதம். அதற்கும் கிட்டே போனால் இந்தச் சூத்திரத்தை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒரே அளவுக் கோளங்கள்: இங்கே மட்டும் பாதி பாதி

மேலே சொன்ன 'அ', 'ஆ' இரண்டையும் தொடவைத்துப் பிரிக்கிறோம். முதலில் குறியோடு கூட்டல்: 20 − 8 = +12. இரண்டும் அச்சு அசலாக ஒன்று; ஒன்றுக்குக் கூடுதலாகப் போக ஒரு காரணமும் இல்லை. ஆளுக்கு +6 நானோகூலூம். பழைய 30 செ.மீ.க்கே கொண்டுபோனால்:

9 × 10⁹ × 6 × 10⁻⁹ × 6 × 10⁻⁹ ÷ 0.09 = 3.6 × 10⁻⁶ நியூட்டன், இப்போது விலக்கு விசை.

இழுத்துக்கொண்டிருந்தவை தொட்டபின் தள்ளுகின்றன. விடையில் எண்ணை மட்டும் எழுதி 'விலக்கு' என்பதை விட்டால் நான் அரை மதிப்பெண் குறைப்பேன்.

இனி மூன்றாவது பந்து. 'இ' அதே அளவு, மின்னூட்டம் இல்லாதது. அதை முதலில் 'அ'வோடும் பிறகு 'ஆ'வோடும் தொடவைக்கிறோம். தொடும்போது மற்றது தள்ளியே இருக்கிறது.

'இ'யும் 'அ'வும் தொட்டபின்: 20 ÷ 2, ஆளுக்கு +10.
'இ'யும் 'ஆ'வும் தொட்டபின்: (10 − 8) ÷ 2, ஆளுக்கு +1.
இப்போது 'அ' +10, 'ஆ' +1. விசை 30 செ.மீ.யில் 1.0 × 10⁻⁶ நியூட்டன், விலக்கு.

வரிசையை மாற்றுங்கள். முதலில் 'ஆ', பிறகு 'அ'.

'இ'யும் 'ஆ'வும்: −8 ÷ 2, ஆளுக்கு −4.
'இ'யும் 'அ'வும்: (20 − 4) ÷ 2, ஆளுக்கு +8.
இப்போது 'அ' +8, 'ஆ' −4. விசை 3.2 × 10⁻⁶ நியூட்டன், கவர்ச்சி.

பந்துகள் அதே, தொடக்க மின்னூட்டம் அதே, தொட்ட வரிசை மட்டும் மாறியது. தள்ளுவது இழுப்பாக மாறிவிட்டது. அதனால் இந்த வகைக் கணக்கில் ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒரு வரி எழுதுங்கள். மனக்கணக்காகப் போட்டு வழுக்கி விழுந்தவர்களில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே அதிகம்.

வெவ்வேறு அளவு: குளமும் மடையும்

இப்போது 22.5 கணக்குக்கு வருவோம். நெல்லை டவுனில் நயினார்குளம் இருக்கிறதே, அதன் பக்கத்தில் ஒரு சின்ன ஊருணி வெட்டி இரண்டையும் ஒரு மடையால் இணைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். மடையைத் திறந்தால் ஆளுக்குப் பாதித் தண்ணீர் என்றா பிரியும்? இரண்டிலும் நீர்மட்டம் ஒன்றாகும்வரை ஓடும், பிறகு நிற்கும். அகலமான குளத்தில் அதிகம், ஊருணியில் கொஞ்சம்.

நீர்மட்டம்தான் மின்னழுத்தம். குளத்தின் பரப்புதான் மின்தேக்குத்திறன். தண்ணீர்தான் மின்னூட்டம். கடத்திகளை இணைத்தால் சமமாவது மின்னழுத்தம். மின்னூட்டம் அதற்குத் தோதாகத் தன்னைப் பிரித்துக்கொள்ளும். (உண்மையான குளத்துக்குக் கரை சரிவாக இருப்பதால் மட்டம் ஏற ஏறப் பரப்பும் மாறும். கோளத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.)

தனியாக நிற்கும் கோளத்தின் மின்னழுத்தம் = 9 × 10⁹ × மின்னூட்டம் ÷ ஆரம். ஆகவே மின்தேக்குத்திறன் ஆரத்துக்கு நேர்விகிதம். மனதில் வைக்க எளிய வழி: ஆரத்தைச் செ.மீ.யில் எழுதி 0.9ஆல் வகுத்தால் மின்தேக்குத்திறன் பிகோஃபாரட்டில் (10⁻¹² ஃபாரட்) கிடைக்கும். 9 செ.மீ. கோளம் என்றால் 10 பிகோஃபாரட். மின்னழுத்தம் சமமானால் மின்னூட்டம் ஆரத்தின் விகிதத்தில் பிரியும்.

நம் கணக்கு: மொத்தம் 60 − 15 = 45. ஆரங்கள் 3, 6. விகிதம் 1 : 2. சின்னதில் +15, பெரியதில் +30 நானோகூலூம்.

சரிபார்ப்பதை ஒருபோதும் விடாதீர்கள். சின்னது: 9 × 10⁹ × 15 × 10⁻⁹ ÷ 0.03 = 4500 வோல்ட். பெரியது: 9 × 10⁹ × 30 × 10⁻⁹ ÷ 0.06 = 4500 வோல்ட். மட்டம் ஒன்றாகிவிட்டது.

கோளங்கள் 90 செ.மீ. தள்ளி இருந்தால் விசை? இணைக்குமுன் 1.0 × 10⁻⁵ நியூட்டன், கவர்ச்சி. இணைத்துக் கம்பியை எடுத்தபின் 5.0 × 10⁻⁶ நியூட்டன், விலக்கு.

பாடப்புத்தகத்துக்கு இது போதும். இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம். எனக்குப் பிடித்த இடமே இதுதான்.

'ஆரத்தின் விகிதம்' என்ற விதி, கோளங்கள் வெகுதூரம் தள்ளி இருக்கும்போது மட்டுமே சரி. பக்கத்தில் இருந்தால் ஒன்றின் மின்னூட்டம் மற்றதன் மின்னழுத்தத்தையும் ஏற்றிவிடும். 90 செ.மீ. தூரத்தில் அதையும் சேர்த்துச் சமன்பாடு எழுதுவோம். செ.மீ.யிலேயே எழுதலாம், பொதுக் காரணி இருபுறமும் போய்விடும்:

சின்னது ÷ 3 + பெரியது ÷ 90 = பெரியது ÷ 6 + சின்னது ÷ 90

தீர்த்தால் சின்னதில் 14.65, பெரியதில் 30.35. வித்தியாசம் அதிகமில்லை. ஆனால் கம்பியே இல்லாமல் இரண்டையும் நேரடியாக ஒட்டித் தொடவைத்தால்? அப்போது சின்னதன் பங்கு 10.1 நானோகூலூமுக்கு இறங்கிவிடும், பெரியதற்கு 34.9. தொடும் இடத்துக்குப் பக்கத்தில் மின்னூட்டம் உட்கார இடமே கிடையாது. சின்னக் கோளத்தின் பரப்பில் பெரும்பகுதி அந்த மறைவில் போய்விடுகிறது. ஒட்டித் தொடும் கோளங்களுக்கான கணக்கு கடினமானது, 12ஆம் வகுப்புக்கு வேண்டாம். ஆனால் கேள்வியில் 'தொடவைத்து' என்று இருக்கிறதா, 'தள்ளி வைத்துக் கம்பியால் இணைத்து' என்று இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். ஒரே அளவுக் கோளங்களில் மட்டும் எப்படித் தொட்டாலும் பாதி பாதிதான்.

கம்பியும் சும்மா இருக்காது. 80 செ.மீ. நீளமுள்ள மெல்லிய கம்பிக்கே சில பிகோஃபாரட் உண்டு. நம் கோளங்களுக்கு 3.33, 6.67 பிகோஃபாரட்தான். ஆக, கம்பியும் ஒரு பங்காளி! பாடக் கணக்குகள் அதைக் கண்டுகொள்வதில்லை. தேர்வில் நீங்களும் கண்டுகொள்ள வேண்டாம்.

சின்னதில் மின்னூட்டம் குறைவு, மின்புலம் அதிகம்

அதே 4500 வோல்ட்டை ஆரத்தால் வகுத்தால் கோளத்தின் மேற்பரப்பில் உள்ள மின்புலம் கிடைக்கும். சின்னதில் மீட்டருக்கு 1,50,000 வோல்ட், பெரியதில் 75,000. ஆரம் சுருங்கச் சுருங்க மின்புலம் ஏறும். கூர்முனையில் மின்னூட்டம் கசிவது இதனால்தான். வள்ளியூர், பணகுடிப் பக்கம் சுற்றும் காற்றாலைகளின் இறக்கை நுனியில் மின்னலை வாங்கிக்கொள்ள உலோகத் துண்டு பதித்து, அங்கிருந்து கடத்தியைத் தரைவரை இறக்குகிறார்கள். தரைவரை இறக்குவதுதான் முக்கியம். கோபுரக் கலசமே இடிதாங்கி என்று வாட்ஸாப்பில் சுற்றும் செய்தியை யாராவது காட்டினால், "அதிலிருந்து மண்ணுக்குக் கம்பி போகுதா?" என்று மட்டும் கேளுங்கள். தேரிக்காட்டில் இடி விழுந்து மொட்டையாக நிற்கும் பனையும் உயரமானதுதான்.

எர்த் கொடுத்தால் பூச்சியமா?

பூமியும் ஒரு கோளம்தான், ஆரம் 6370 கி.மீ. அதன் மின்தேக்குத்திறன் சுமார் 710 மைக்ரோஃபாரட். நம் 3 செ.மீ. கோளத்தைப் பூமியோடு இணைத்தால் ஆர விகிதப்படி மிஞ்சும் பங்கு இருபது கோடியில் ஒன்றுக்கும் குறைவு. தாமிரபரணியில் ஒரு செம்புத் தண்ணீரைக் கவிழ்த்த மாதிரி. அதனால் மின்னூட்டம் பூச்சியம் என்று எழுதுகிறோம்.

ஆனால் பக்கத்தில் வேறு மின்னூட்டம் இருந்தால் அப்படி எழுதக்கூடாது. எர்த் செய்தால் பூச்சியமாவது மின்னழுத்தம். 6 செ.மீ. கோளத்தை எர்த் செய்து, அதன் மையத்திலிருந்து 60 செ.மீ. தூரத்தில் +60 நானோகூலூம் புள்ளி மின்னூட்டம் இருப்பதாக வைப்போம். இரண்டு மின்னழுத்தமும் கூடிப் பூச்சியமாக வேண்டும்:

60 ÷ 60 + கோளத்தின் மின்னூட்டம் ÷ 6 = 0

விடை −6 நானோகூலூம். எதையும் தொடாமலே எதிர்க்குறி மின்னூட்டம் மண்ணிலிருந்து ஏறி வந்துவிட்டது. எர்த் கம்பியை முதலில் எடுத்துவிட்டு, பிறகு புள்ளி மின்னூட்டத்தை எடுத்தால் −6 கோளத்திலேயே தங்கும். வரிசை மாறினால் ஒன்றும் தங்காது.

தூக்குவாளிக்குள் இறக்கினால்

பங்கீட்டு விதி செல்லாத ஒரு இடம் உண்டு. மின்னூட்டமுள்ள பந்தை ஒரு எவர்சில்வர் தூக்குவாளியின் உள்ளே இறக்கி அடியைத் தொடவையுங்கள். ஆரத்தைப் பார்த்துப் பங்கு போடவே வேண்டாம்; பந்தில் இருந்தது முழுவதும் வாளியின் வெளிப்பக்கத்துக்குப் போய்விடும். பந்தை வெளியே எடுத்தால் வெறும் பந்து. உள்ளே போன பந்து வாளியின் உட்பரப்பாகவே ஆகிவிடுகிறது. கடத்தியின் உட்குழியில் மின்னூட்டம் தங்காது. 1843இல் மைக்கேல் ஃபாரடே இதை ஒரு ஐஸ் வாளியை வைத்துச் செய்தார். பந்துக்குத் திரும்பத் திரும்ப மின்னூட்டம் கொடுத்து இறக்கினால் ஒவ்வொரு முறையும் மொத்தமும் வாளிக்கே சேரும். ஒரு கோளத்துக்குள் இன்னொரு கோளம் வைத்துக் கம்பியால் இணைக்கும் கணக்கு வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்: உள்கோளம் பூச்சியம், எல்லாம் வெளிக்கோளத்தில்.

தொலைந்த ஆற்றல்

மின்னூட்டம் அழியாது. ஆற்றல் அப்படியல்ல, பங்கீட்டில் கொஞ்சம் கைவிட்டுப் போகும். 45 கணக்கிலேயே பார்ப்போம். ஒரு கோளத்தின் ஆற்றல் = மின்னூட்டம்² ÷ (2 × மின்தேக்குத்திறன்).

முன்பு: சின்னதில் 5.40 × 10⁻⁴, பெரியதில் 0.17 × 10⁻⁴. மொத்தம் 5.57 × 10⁻⁴ ஜூல்.
பின்பு: 45 நானோகூலூம், இரண்டும் சேர்ந்து 10 பிகோஃபாரட். 1.01 × 10⁻⁴ ஜூல்.
இழப்பு: 4.56 × 10⁻⁴ ஜூல், அதாவது 0.46 மில்லிஜூல்.

வேறு வழியிலும் சரிபார்க்கலாம். தொடக்கத்தில் மின்னழுத்தங்கள் 18,000 வோல்ட், −2,250 வோல்ட், வித்தியாசம் 20,250. மின்தேக்குத்திறன்களின் பெருக்கலை அவற்றின் கூட்டலால் வகுத்தால் 2.22 பிகோஃபாரட். அதில் பாதியை வித்தியாசத்தின் இருமடியால் பெருக்குங்கள், அதே 0.46தான் வரும். மின்னழுத்தம் முன்பே சமமாக இருந்தால் மட்டுமே இழப்பு பூச்சியம்.

அந்த 0.46 மில்லிஜூல் 'பட்' என்ற சத்தமாக, பொறியாக, கம்பியின் சூடாகப் போயிருக்கும். சின்ன எண் என்று தள்ளிவிடாதீர்கள். சரியான அளவில் காற்று கலந்த பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள ஏறத்தாழ கால் மில்லிஜூல் போதும். பெட்ரோல் பங்கில் டேங்கர் லாரி வந்து நின்றதும் குழாயை மாட்டும் முன் எர்த் கிளிப்பை மாட்டுவது இதற்காகத்தான்.

வீட்டில் அளந்து பார்க்க

தெர்மாகோல் உருண்டைக்கு அலுமினியத் தாள் சுற்றி, 1 செ.மீ. ஆரமுள்ள பந்துகள் மூன்று செய்யுங்கள். ஒவ்வொன்றும் 0.12 கிராம் அளவில் இருக்கும். எடை மூன்றிலும் ஒன்றாக இருப்பது முக்கியம். தையல் நூல் வேண்டாம். ஈரம் இழுத்துக் கடத்தும். தூண்டில் நரம்பு வாங்குங்கள். இரண்டு பந்துகளை 50 செ.மீ. நீளத்தில், ஒரே ஆணியிலிருந்து தொங்கவிடுங்கள். தொட்டுக்கொண்டு நிற்கும்.

வயரிங்குக்குப் போடும் பிவிசி பைப்பைக் கம்பளியில் தேய்க்க வேண்டும். நம் ஊரில் கம்பளிக்கு எங்கே போவது? எண்ணெய் தேய்க்காத தலைமுடி போதும். (என் வகுப்பில் அப்படியொரு தலை கிடைப்பது அபூர்வம்.) தேய்த்த பைப்பால் பந்துகளைத் தொட்டு உருட்டுங்கள். அவை விலகி நிற்கும். ஐப்பசி அடைமழையில் ஒருமுறை இதைச் செய்து காட்டப் போய், பந்துகள் அசையாமல் தொங்க, பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள். சித்திரை வெயிலில் செய்யுங்கள், மின்விசிறியை நிறுத்திவிட்டு.

மையங்களுக்கிடையே 10 செ.மீ. விலகியதாக வைப்போம். ஒவ்வொரு பந்தும் ஆணிக்கு நேர் கீழான செங்குத்துக் கோட்டிலிருந்து 5 செ.மீ. தள்ளி இருக்கிறது; சைன் மதிப்பு 0.1, டேன் மதிப்பும் கிட்டத்தட்ட அதே. எடை 1.18 × 10⁻³ நியூட்டன். விசை = எடை × டேன் = 1.18 × 10⁻⁴ நியூட்டன். கூலூம் விதியைத் திருப்பிப் போட்டால் பந்துக்கு 11.4 நானோகூலூம். 33 என்ற எல்லைக்குள் இருக்கிறது, நல்லது.

இப்போது மின்னூட்டமில்லாத மூன்றாவது பந்தை நரம்பில் பிடித்து, தொங்கும் பந்துகளில் ஒன்றைத் தொட்டு எடுங்கள். பக்கவாட்டில் வேண்டாம், உங்கள் முன்பக்கமாகத் தொடுங்கள். அப்போதுதான் எஞ்சிய பந்து இரண்டுக்கும் ஏறத்தாழ சம தூரத்தில் இருக்கும், பங்கீடு கோணாது. தொட்ட பந்தின் மின்னூட்டம் பாதி, ஆகவே பெருக்கலும் பாதி. சின்னக் கோணத்தில் தூரத்தின் மும்மடி மின்னூட்டங்களின் பெருக்கலுக்கு நேர்விகிதம். எனவே புதிய இடைவெளி 10 × 0.794, அதாவது 7.9 செ.மீ. வர வேண்டும். மூன்றாவது பந்தைக் கையால் தொட்டு எர்த் செய்துவிட்டு, மற்ற பந்தையும் அப்படியே தொட்டு எடுத்தால் பெருக்கல் கால் ஆகும், இடைவெளி 6.3 செ.மீ.

அளவுகோலைப் பந்துகளுக்கு ஒட்டிப் பிடிக்காதீர்கள், பிளாஸ்டிக் அளவுகோலும் இழுக்கும். பின்னால் சுவரில் வரைதாளை ஒட்டி, செல்போனை எதிரே அசையாமல் வைத்து மூன்று நிலைக்கும் படம் எடுத்துக் கட்டத்தை எண்ணுங்கள். வரைதாள் பந்துகளுக்குப் பின்னால் தள்ளி இருப்பதால் கட்டங்கள் அப்படியே செ.மீ. ஆகாது, முதல் படத்தோடு விகிதம் பாருங்கள், அதுவே போதும். 7.9க்குப் பதில் 7.4 வந்தால், படம் எடுக்க எவ்வளவு நேரம் பிடித்தது என்று பாருங்கள். மீதி காற்றில் கசிந்திருக்கும்.